எலெக்ட்ரிக் யூனிசைக்கிள்: வீட்டிலேயே பிரித்து மாட்ட, சென்னைக்கு ஏற்றபடி

ஸ்கூட்டரில் மோட்டார் நின்றுபோனால் வண்டி உருண்டு ஓரமாக நிற்கும். ஒற்றைச் சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள பெடலில் (கால் வைக்கும் தட்டு) நின்று ஓட்டும் யூனிசைக்கிளில் மோட்டார் நின்றால் ஓட்டுகிறவர் குப்புற விழுவார். வண்டி முன்னாலோ பின்னாலோ எவ்வளவு சாய்கிறது என்று உள்ளே இருக்கும் மின்னணு போர்டின் சென்சார் ஓயாமல் பார்க்கிறது. சாய்ந்த பக்கமாகவே போர்டு சக்கரத்தை ஓட்டி நம் அடியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பேட்டரி, மாஸ்ஃபெட் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணு ஸ்விட்ச்), பேஸ் ஒயர் (போர்டிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர்), ஹால் சென்சார் (சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்வது) இவற்றில் ஒன்று அரை நொடி கைவிட்டாலும் சமநிலை போச்சு. எனவே இந்த வண்டியை ரிப்பேர் செய்யும்போது "ஓடுகிறதா" என்று பார்த்து விட்டுவிட முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது எது விட்டுப்போகும் என்று தேட வேண்டும்.

நம் ஊரில் அப்படி விட்டுப்போக மூன்று காரணங்கள்: ஐப்பசி-கார்த்திகை மழை, கடற்கரை உப்புக் காற்று, கத்திரி வெயில். இவற்றுக்கு எதிராக வண்டியைத் தயார் செய்வதுதான் முதல் அப்கிரேடு. பளபளக்கும் பெடலும், காலுக்குப் பிடிமானம் தரும் பேடும் அதற்கப்புறம்.

16 அங்குலச் சக்கரம், 84 வோல்ட் பேட்டரி கொண்ட வண்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். 84 வோல்ட் என்றால் தொடரில் 20 செல்கள், ஒவ்வொன்றும் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். கிங்சாங் 16எக்ஸ் இந்த வகைதான். இன்மோஷன் வி11-க்கும் 84 வோல்ட்தான், சக்கரம் மட்டும் 18 அங்குலம். 100.8 வோல்ட் (24 செல்), 126 வோல்ட் (30 செல்) வண்டிகளிலும் வேலை முறை ஒன்றே, ஆபத்துதான் அதிகம்.

கை வைக்கும் முன்

பேட்டரி 40, 50 சதவீதத்தில் இருக்கும்போது பிரியுங்கள். மோதிரம், செயின், வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள். வியர்த்த கையோடு 84 வோல்ட் டிசியில் விளையாடக் கூடாது. ஸ்பேனர், ஸ்குரூ டிரைவரின் தண்டு முழுக்க, நுனி தவிர, இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். கை தவறி விழும் ஸ்பேனர் பேட்டரியின் இரு முனையையும் தொட்டால் அந்த இடத்திலேயே வெல்டிங் ஆகிவிடும்.

தேவையானவை: 2.5 முதல் 6 மி.மீ வரை ஆலன் கீ, ஸ்டார் ஸ்குரூ டிரைவர், மல்டிமீட்டர், 60 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்ன், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், நீல நிற திரெட்லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை), 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. மின்சாமான் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் (ஞாயிறு போனால் பெரும்பாலும் ஷட்டர்தான் தெரியும்), மற்றவை பாரிமுனைச் சந்துகளில்.

அந்த ஒற்றை ரெசிஸ்டர் எதற்கு? பேட்டரியைக் கழற்றிய பிறகும் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பாருங்கள், பல வண்டிகளில் அதிலேயே வடிந்துவிடும். பிறகு போர்டின் பிளஸ், மைனஸ் இடையே ரெசிஸ்டரைப் பதினைந்து விநாடி பிடித்து, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழ் வந்ததா என்று பாருங்கள். திரும்ப மாட்டும்போதும் இதே ரெசிஸ்டர் உதவும். பேட்டரி, போர்டு இரண்டின் பிளஸ் முனைகளுக்கு இடையே முதலில் இதை வைத்துக் கெப்பாசிட்டரை மெல்ல நிரப்பிவிட்டு, எடுத்த கையோடு கனெக்டரைச் சொருகினால் பெரிய பொறி பறக்காது. அந்தப் பொறிதான் கனெக்டர் முனைகளைக் கரியாக்கி, பின்னாளில் சூடேற வைக்கிறது.

ஒவ்வொரு கட்டத்தையும் மொபைலில் படம் எடுங்கள். ஸ்குரூக்களுக்கு இட்லித் தட்டைவிட நல்ல பெட்டி கிடையாது. ஒரு குழிக்கு ஒரு பாகம், கழற்றிய வரிசையிலேயே. நீளமான ஸ்குரூவைக் குட்டை ஸ்குரூவின் துளையில் திருகி பேட்டரி உறையைக் குத்திவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சக்கரம் கனமாகச் சுற்றுகிறதா?

வண்டி ஆன் ஆகவில்லை, அல்லது ஆன் ஆனதும் உதறுகிறது. முதலில் செய்ய வேண்டிய சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம். ஆஃப் செய்த நிலையில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எளிதாகச் சுற்றினால் ஒரு கதை. யாரோ பிரேக் பிடிப்பதுபோல் கனமாக, விட்டுவிட்டு இழுத்தால் எங்கோ ஷார்ட்.

எங்கே என்று பிரிக்க, போர்டுக்கும் மோட்டாருக்கும் இடையே உள்ள மூன்று தடித்த பேஸ் ஒயர்களையும் கழற்றி, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் வைத்து மறுபடி சுற்றுங்கள். இப்போது எளிதாகச் சுற்றினால் போர்டில் மாஸ்ஃபெட் போயிருக்கிறது. இன்னும் கனமாக இருந்தால் குற்றம் மோட்டார் பக்கம்: வைண்டிங்கில், அல்லது பெரும்பாலும் அச்சின் துளை வழியே ஒயர் வெளியே வரும் இடத்தில். வண்டி கீழே விழும்போது அந்த வளைவில்தான் உறை கிழிந்து ஒயர்கள் ஒட்டிக்கொள்ளும்.

போர்டைச் சந்தேகப்பட்டால், பேட்டரி கழற்றி, கெப்பாசிட்டர் வடிந்த பிறகு மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். மைனஸில் சிவப்பு முனை, ஒவ்வொரு பேஸிலும் கறுப்பு முனை: 0.4 முதல் 0.6 வரை காட்ட வேண்டும். அடுத்து, பேஸில் சிவப்பு, பிளஸில் கறுப்பு: அதே அளவு. மூன்று பேஸும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டினால் நல்லது. ஒன்று மட்டும் 0 காட்டினால் அந்தப் பக்க மாஸ்ஃபெட் ஷார்ட்.

மாஸ்ஃபெட்டை மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் ஒன்று வெடித்தால் அதை இயக்கும் கேட் டிரைவர் சிப்பும் பக்கத்து மாஸ்ஃபெட்டும் பாதி உயிராகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிய போர்டை நம்பி 30 கி.மீ வேகத்தில் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதே மாடலின் முழு போர்டை வாங்கி மாட்டுங்கள். பழையதை ஒரு வேளை கற்றுக்கொள்ளப் பிரித்துப் பார்க்கலாம்.

எளிதாகச் சுற்றுகிறது, ஆனால் ஆன் செய்தால் உறுமுகிறது, உதறுகிறது என்றால் ஹால் சென்சார் பக்கம் பாருங்கள். மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய கேபிளில் 5 வோல்ட், கிரவுண்ட், மூன்று சிக்னல் இருக்கும், சில வண்டிகளில் வெப்ப சென்சாருக்கு இன்னொரு ஒயரும் உண்டு. போர்டே வேண்டாம். பழைய மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டைக் கொடுத்து, ஒவ்வொரு சிக்னல் ஒயரையும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டோடு இணையுங்கள். அந்த ரெசிஸ்டர் இல்லாமல் அளந்தால் நல்ல சென்சாரும் செத்ததுபோல் தெரியும். சக்கரத்தை மிக மெதுவாக நகர்த்தினால் ஒவ்வொரு சிக்னலும் 0-க்கும் 5-க்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஒன்று அசையாமல் நின்றால் அது போச்சு. மூன்றும் ஒரே நேரத்தில் 5 அல்லது ஒரே நேரத்தில் 0 காட்டினாலும் கோளாறுதான்.

மாற்றுவதென்றால் மூன்றையும் மாற்றுங்கள். எஸ்எஸ்41எஃப் வகை பல மோட்டார்களில் பொருந்தும், பழையதன் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள், எழுத்துள்ள முகம் எந்தப் பக்கம் என்று படம் எடுத்த பிறகு பெயர்த்தெடுங்கள். மோட்டார் மூடியைத் திறக்கும்போது உள்ளே காந்தம் இழுக்கிற வேகத்தில் விரல் மாட்டினால் நசுங்கும். இரண்டு பேர் வேண்டிய வேலை இது ஒன்றுதான்.

டயர், ட்யூப்

இதுதான் அடிக்கடி வரும் வேலை, அலுப்பான வேலையும்கூட. பக்கத்து மூடி, பெடல், பல மாடல்களில் இரு பக்க பேட்டரி, பிறகு அச்சைப் பிடித்திருக்கும் கிளாம்புகள் என எல்லாவற்றையும் கழற்றினால்தான் சக்கரம் வெளியே வரும். பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனால் நெம்புகோலை அவர்கள் வழக்கப்படி அழுத்துவார்கள். இங்கே ரிம்மே மோட்டார். மூடியின் விளிம்பு வளைந்தால் அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே போகும். கடைக்காரர் அண்ணனிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று, அச்சிலிருந்து வரும் ஒயரை யாரும் பிடித்துத் தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது டயரை மாட்டுவதற்கு முன் மொட்டைமாடி வெயிலில் அரைமணி நேரம் போடுங்கள், நன்றாக இளகும். விளிம்பில் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ட்யூபில் லேசாகக் காற்றடித்து உருண்டையாக்கி, டால்க் பவுடர் தூவி உள்ளே வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசி ஓரடி ஏற மறுத்தால் பலத்தைக் கூட்ட வேண்டாம். ஏற்கெனவே ஏறிய பக்கத்து விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்காமல் மேலே உட்கார்ந்திருக்கும். அதை இரு கையாலும் பிசைந்து பள்ளத்துக்குள் தள்ளினால் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். நெம்புகோலுக்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை வைத்தால் ரிம்மில் கீறல் விழாது.

ட்யூப் வாங்கும்போது ஒரு சிக்கல். சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் 16 அங்குல ட்யூப் இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதில் இருப்பது வால்டியூப் போடும் சைக்கிள் வால்வு. யூனிசைக்கிள் ரிம்முக்கு மோட்டார் பைக் வகை வால்வு, அதுவும் பக்கவாட்டில் வளைந்தது வேண்டும். மின்சைக்கிள் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயின் தலை அந்த இடுக்கில் நுழையாது, 90 டிகிரி எக்ஸ்டென்ஷன் ஒன்றை வாங்கி வையுங்கள். சின்ன ட்யூபில் பங்க் அழுத்தம் கண்ணிமைப்பதற்குள் எகிறிவிடும், கையடக்க டிஜிட்டல் பம்ப் நல்லது.

அழுத்தம்: 16×3 டயருக்கு 70 கிலோ ஆள் என்றால் 28 முதல் 32 பிஎஸ்ஐ. 16×2.125 டயருக்கு 40 முதல் 45. இதைவிடக் குறைந்தால் வேகத்தடை விளிம்பிலும் மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய ரோட்டிலும் ட்யூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கொத்தியதுபோல் இரண்டு ஓட்டை விழும். 

தண்ணீரும் உப்பும்

வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் வண்டியைக் கொல்வது பெரும்பாலும் வெள்ளம் அல்ல. பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியைத் திறந்து பாருங்கள். ஹால் கனெக்டரின் பித்தளை முனைகளில் பச்சை பூத்திருக்கும். ஒரு சிக்னல் ஒரு கணம் விட்டுப்போகப் பச்சையே போதும்.

கனெக்டர்களைக் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பழைய பல் துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்து, காயவிட்டு, மெல்லிய ஒயர்க் கனெக்டர்களில் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் வைத்து மூடுங்கள். தடித்த பேஸ் கனெக்டர்களில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு என்றால் அங்கே தொடர்பு சரியில்லை, சூடாகிறது. சூடாகி பிளாஸ்டிக் இளகினால் இரண்டு பேஸ்கள் தொட்டு மாஸ்ஃபெட் வெடிக்கும். அதை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் சால்டர் செய்யுங்கள். 25 வாட் அயர்னால் அந்தத் தடித்த ஒயர் சூடேறாது, ஈயம் மேலாக ஒட்டிக்கொண்டு உள்ளே பிடிக்காமல் இருக்கும். பார்க்க நன்றாகவே தெரியும், அதுதான் ஆபத்து.

மூடிகளின் இடைவெளியை அடைக்க சிலிகான் பயன்படுத்துவோம். அதில் புளிக்காடி நெடி அடிக்கும் வகை உள்ளே வேண்டவே வேண்டாம். உலரும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். டப்பாவில் நியூட்ரல் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போர்டுக்கு ஈரம் படாமல் காக்கும் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்பிரே இரண்டு மெல்லிய பூச்சு. அதற்கு முன் கனெக்டர்கள், பட்டன், ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துண்டு) தொடும் பரப்பு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். போர்டைக் கழற்றியது கழற்றினீர்கள், ஹீட்சிங்க்கில் காய்ந்து பொடியான தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள், மே மாதத்தில் பயன் தெரியும். மாஸ்ஃபெட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய இன்சுலேஷன் தாள் கிழியக் கூடாது, தொலையவும் கூடாது.

அச்சிலிருந்து ஒயர் வெளிவரும் இடத்தில், கீழே U வடிவில் தொங்கும்படி ஒயரைக் கட்டினால் வழிந்து வரும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், போர்டுக்குப் போகாது.

பேரிங் முனகினால், அதன் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து அதே எண்ணை வாங்குங்கள். கடைசியில் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி உண்டு என்று பொருள். ஒரு பக்கம் மூடி போட்டதையோ தகரம் மூடியதையோ கடைக்காரர் நீட்டினால் திருப்பிக் கொடுங்கள், கடல் மணல் அதற்காகவே காத்திருக்கிறது.

பேட்டரி

முழுச் சார்ஜில் 84 காட்ட வேண்டிய வண்டி 82.5-இல் நின்றுவிட்டால் முதலில் சார்ஜரின் முனையை அளங்கள். சார்ஜரே 82.5 கொடுத்தால் பேட்டரி பாவம். சார்ஜர் சரியென்றால் செல் குழுக்களில் ஏதோ ஒன்று மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. பிஎம்எஸ்ஸில் (செல்களைக் கண்காணித்துக் காக்கும், பேட்டரியோடு உள்ள சின்ன போர்டு) சொருகியிருக்கும் 21 மெல்லிய ஒயர்களில் அடுத்தடுத்த இரண்டை அளந்தால் ஒவ்வொரு குழுவின் வோல்ட்டும் தெரியும். வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 0.1 தாண்டினால், முழுச் சார்ஜ் ஆன பிறகும் சில மணி நேரம் சார்ஜரில் விட்டுப் பாருங்கள், பிஎம்எஸ் மெல்லச் சமன் செய்யும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். ஏதாவது ஒரு குழு 2.5-க்குக் கீழே கிடந்தால் அந்தப் பேக்கைச் சார்ஜ் செய்யாதீர்கள்.

புது பேக் கட்டித் தருகிறேன் என்று ஊரில் பல பேர் இருக்கிறார்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். செல் எது? மின்ரிக்‌ஷாக்களுக்குப் போடும் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் முழுச் சார்ஜில் 3.65 வோல்ட்தான், நம் சார்ஜருக்கும் போர்டுக்கும் அது ஒத்துவராது. இணைக்கும் பட்டை சுத்த நிக்கலா, நிக்கல் முலாம் பூசிய இரும்பா? ஒரு துண்டைக் கீறி உப்புத் தண்ணீரில் ஓரிரு நாள் போட்டால் இரும்பு துருவைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு செல் எவ்வளவு ஆம்பியர் தொடர்ந்து தாங்கும்? சாம்சங் 50இ சுமார் 10 ஆம்பியர், 40டி 35 ஆம்பியர். கொள்ளளவை மட்டும் பார்த்து வாங்கினால் ஏற்றத்தில் வோல்ட் சரியும்.

ஏற்கெனவே உள்ள பேக்கோடு இன்னொன்றை இணையாகச் சேர்க்கிறீர்களா? இரண்டின் வோல்ட் வித்தியாசமும் 0.2-க்குள் வந்த பிறகே கனெக்டரைத் தொடுங்கள். இல்லாவிட்டால் நிறைந்தது குறைந்ததற்குள் கொட்டும், தடுக்க நடுவில் எதுவும் இல்லை.

வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாதீர்கள், ஒரு மணி நேரம் ஆறட்டும். வாசற்கதவை ஒட்டிச் சார்ஜ் போடும் பழக்கம் அடுக்குமாடி வீடுகளில் நிறைய. தீப்பிடித்தால் வெளியே போகும் வழி அதுதான்.

காசு செலவழிக்க உகந்தவை

பேட் முதலிடம். முன்பக்கப் பேட் கெண்டைக்கு முன்னால் எலும்பில் படும், சாய்ந்து வேகமெடுக்க. பின்பக்கம் கெண்டைச் சதையில் படும், பிரேக் பிடிக்க. விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. தடித்த ஈவா ஃபோம் பாயை வெட்டி, புதுப்பேட்டையில் சீட் கவர் தைப்பவரிடம் ரெக்ஸின் உறை போட்டு, நல்ல வெல்க்ரோவில் ஒட்டிக்கொள்ளலாம். முதலில் டேப்பில் ஒட்டி ஓட்டிப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள், ஒரு அங்குலம் தள்ளினாலே முழங்காலில் வலி.

கூடுதல் விளக்குப் போடுபவர்கள் அநேகமாக எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கும் எல்எம்2596 கன்வர்ட்டரின் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் சின்ன போர்டு) உள்ளீடு 40 வோல்ட் வரைதான். எக்ஸ்எல்7015 கூட 80 வரைதான், முழுச் சார்ஜில் நமக்கு 84. 100 வோல்ட் தாங்கும் கன்வர்ட்டர் வேண்டும், 72 வோல்ட் மின் ஸ்கூட்டர்களுக்கான 12 வோல்ட் கன்வர்ட்டரில் உள்ளீடு 90-க்கு மேல் என்று அச்சிட்டிருந்தால் அதுவும் ஆகும். பிஎம்எஸ்ஸைத் தாண்டிய பிறகு இணைப்பு எடுத்து, அந்த இடத்திலேயே 2 ஆம்பியர் டிசி ஃபியூஸ்.

வேக வரம்பை சாஃப்ட்வேரில் தூக்குவதை நான் அப்கிரேடு கணக்கில் சேர்ப்பதில்லை. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றவிட்டால் 84 வோல்ட்டில் 60 கி.மீ காட்டும் வண்டி, பேட்டரி 72 வோல்ட்டுக்கு இறங்கியதும் 51-தான் காட்டும். மோட்டார் வேகமாகச் சுற்றச் சுற்ற அதுவே எதிர் வோல்ட்டை உண்டாக்குகிறது. அதற்கும் பேட்டரிக்கும் உள்ள இடைவெளிதான் உங்களைத் தாங்கிப் பிடிக்கும் பலம். இடைவெளி தீர்ந்தால் எச்சரிக்கை எதுவும் வராது. ஈயூசி வேர்ல்டு என்ற யூனிசைக்கிள் செயலியில் பிடபிள்யூஎம் (மோட்டாரின் பலத்தில் எவ்வளவு ஏற்கெனவே செலவாகிறது என்ற அளவு) 80 சதவீதத்தில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 40-இல் போன வண்டி மாலையில் 30-இலேயே கத்துவது ஏன் என்று அப்போது விளங்கும். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கி.மீ.க்குக் குறைந்த வேகம் உள்ள வண்டிக்குத்தான் பதிவிலிருந்து விலக்கு. நம் வண்டிகள் அந்தக் கணக்கில் வராது, வளாகத்துக்குள் ஓட்டுங்கள்.

திரும்ப மாட்டியதும்

பெடல் தாங்கி போல்ட்டுகளில் நீலத் திரெட்லாக்கர் ஒரு சொட்டு. பிளாஸ்டிக் மூடியின் ஸ்குரூக்களில் வேண்டாம், அது பட்டால் பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் வெடிப்பு விடும். பேஸ் ஒயர்கள் பழைய நிறவரிசையிலேயே இருக்கின்றனவா என்று படத்தோடு ஒப்பிடுங்கள். வரிசை மாறினால் ஆன் செய்ததும் சக்கரம் வெறி பிடித்துச் சுற்றும். அதனால் முதல் முறை ஆன் செய்யும்போது கால், ஒயர், குழந்தைகள் எதுவும் கிட்டே வேண்டாம், கைப்பிடியைப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள்.

ஒழுங்காக நின்றால் செயலியில் காலிப்ரேஷன் (எது நேர்நிலை என்று சென்சாருக்குச் சொல்லிக்கொடுப்பது): வண்டியைச் செங்குத்தாக, பெடல் மட்டமாக இருக்கும்படி நிறுத்திச் செய்யுங்கள். பிறகு ஏறாமல், கையால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி அழுத்திப் பாருங்கள். கிர்ரென்ற சத்தம், ஒரே இடத்தில் வரும் உதறல் எதுவும் இருக்கக் கூடாது. ஹெல்மெட், ரிஸ்ட் கார்டு போட்டு நடை வேகத்தில் பத்து நிமிடம். இறங்கியதும் மூடியைத் திறந்து பேஸ் கனெக்டர்களைத் தொட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சால்டரை மறுபடி செய்யுங்கள். 15, 20 கி.மீ ஓடியபின் அச்சு கிளாம்பையும் பெடல் போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், புதிதாக மாட்டியது எப்படியும் கால் சுற்று தளர்ந்திருக்கும்.